எங்கள் அக்காவின் உறைப்புத் தூள்

தெல்லிப்பழையில் தோட்டம் செய்து வாழ்ந்த குடும்பமொன்றின் மூத்த மகளாகப் பிறந்தவர் எங்கள் அக்கா. எனக்கு மட்டுமல்ல, ஊருக்கே அவர் அக்காதான். இளவயதிலேயே அத்தானை இழந்தவர், வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போய் இரண்டு பெண் பிள்ளைகளையும் படிக்க வைத்தார். அந்தக் கஷ்டத்தை நான் விரித்து எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அவர் சிரித்த கதையையே எழுதுகிறேன்.

கூலிவேலை கிடைக்காத மாதங்களில் அடுப்பு எரியவேண்டுமே என்று, கூட வேலைசெய்த நான்கு பெண்களைச் சேர்த்து மிளகாய்த்தூள் விற்கத் தொடங்கினார். ஐவரும் தத்தம் வீட்டில் வறுத்து, மில்லில் அரைத்து, ஒரே மாதிரிப் பைக்கற்றில் அடைத்து நல்லூரில் ஒரு கடைக்குக் கொடுத்தார்கள். பிழை அங்கேதான் நடந்தது. எங்கள் ஊரில் இரண்டு வீட்டுத் தூள் ஒரு ருசியாக இருந்ததுண்டா? ஒருமுறை உறைக்கிறது, மறுமுறை பெருஞ்சீரகம் மணக்கிறது என்று வாங்கியவர்கள் குறைப்பட்டார்களாம். ஒரே ருசியில் தராவிட்டால் இனி வேண்டாம் என்று கடைக்காரர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

யாருடைய கைப்பக்குவத்துக்கு மற்றவர்கள் மாறுவது? ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தொழில் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். அக்கா தனியே போய்க் கடைக்காரர் முன் நின்றார்.

"தம்பி, ருசியை மாத்தச் சொல்லாதேங்கோ. ஆரின்ரை தூள் எண்டு பைக்கற்றிலை பேரை எழுதிவிடுறம். சனம் விருப்பமானதைக் கேட்டு வாங்கட்டும்."

அரைமனதோடு அவர் சம்மதித்தார். சனமும் கேட்டு வாங்கியது. மீன்குழம்புக்கு மலரின் தூள், மரக்கறிக்குப் பரமேஸ்வரியின் தூள் என்று நால்வருடையவையும் பறந்தன. 'அக்கா' என்று எழுதியவை மட்டும் தட்டிலேயே இருந்தன. அப்படியொரு உறைப்பு! கொஞ்சம் குறைக்கும்படி கெஞ்சிப் பார்த்தேன்.

"விக்காட்டில் என்ன, அவளவையின்ரை விக்குதுதானே," என்று சிரித்தார்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கஞ்சிக்கும் உறைப்புப் போதாது என்று தாதியிடம் முறையிட்டவர் அவர்.

அந்நாட்களில் முறைவைத்து உடனிருந்த நான்கு தோழியருக்கும், கிரியைகளில் தோள்கொடுத்த உறவினர், அயலவர் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் நன்றியுடையது. அக்காவின் பக்குவத்திலேயே, ஒரு மிளகாயும் குறைக்காமல் அந்நால்வரும் வறுத்து அரைத்த தூளை அக்காவின் இந்த நினைவு மலரோடு உங்கள் கையில் தருகிறோம். இதுவரை அக்காவின் பைக்கற்றை வாங்காமல் தப்பியவர்கள் இன்று தப்ப முடியாது. கறிக்கு அரைக் கரண்டி போதும். கண்ணில் நீர் வந்தால் தூள்தான் காரணம் என்று சொல்லுங்கள். வீட்டில் நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.