தார்யோனோவின் துருங்

கிளாத்தேனைத் தாண்டி சோலோ நகரத்துக்குப் போகிற பெரிய சாலையில் பாக் தார்யோனோவின் பஞ்சர் கடை இருக்கிறது. அப்பாவையும் பெரியவர்களையும் நாங்கள் பாக் என்றுதான் கூப்பிடுவோம். கடை என்று பெயர்தான். காற்றடிக்கிற இயந்திரம் ஒன்று, அழுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று, பலகை மேல் ஒரு டிவி. உலக பேட்மின்டன் போட்டி வந்துவிட்டால் பஞ்சராகாத வண்டிகளும் அங்கே வந்து நின்றுவிடும். யாருக்குத் தங்கம், யாருக்கு வெள்ளி, அரையிறுதியில் தோற்று ஆளுக்கொரு வெண்கலம் வாங்கப் போகிற அந்த இரண்டு பேர் யார், எல்லாவற்றையும் அவர் வாயால் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் எங்கள் ஜனத்துக்குச் சோறு இறங்காது.

இந்தப் பதவியை அவர் கேட்டு வாங்கவில்லை. முன்பு மாவட்டப் போட்டிகளில் கோட்டு நடுவராக உட்கார்ந்தவர். பந்து வெளியே விழுந்தால் இரண்டு கையையும் விரித்து "அவுட்" என்று கூரை அதிரக் கத்துவார். விழுந்த இடத்தைப் பார்க்கத் தவறிவிட்டால் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக் காட்டுவார், அதுதான் விதி. அந்த நாளில் ஒரு தடவை உலகப் போட்டியைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லப்போக, ஐந்து பிரிவுத் தங்கமும் சொன்னபடியே விழுந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதில் எவ்வளவோ தப்பியிருக்கிறது. தப்பியதை எவன் ஞாபகம் வைத்துக்கொள்கிறான்? மனிதருக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் டீயும் பொரித்த டெம்பேயும் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறவர்களைப் போங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

வாய் வராததுதான் அவருடைய வியாதி. அவருக்கு மட்டுமில்லை, எங்கள் ஊருக்கே அது உண்டு. இல்லை என்பது எங்களுக்கு முகத்தில் அறைகிற சொல். அதனால் எதற்கும் "துருங்" என்போம். துருங் என்றால் இன்னும் இல்லை. எண்பது வயதுக் கன்னியிடம் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டாலும் துருங்தான். கேட்டவனும் புரிந்துகொண்டு பேச்சை மாற்றிவிடுவான். இந்த ஆட்டக்காரன் தேறுவானா, பாக் தார் என்று கேட்டால் அவர் "துருங்" என்பார். அவன் கதை முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போவார்கள்.

அவருடைய ஒரே மகள் வெனிங்கும் அந்தப் பெரிய போட்டிகளில் ஆடுகிறவள். சின்ன வயதிலேயே ஜகார்த்தா பயிற்சி விடுதிக்குப் போனவள். பெண்கள் ஒற்றையரில் காலிறுதி வரை வருவாள், அங்கே நின்றுவிடுவாள். காலிறுதியில் ஒரு வெற்றி போதும், வெண்கலமாவது நிச்சயம். அந்த ஒரு வெற்றி அவளுக்கு வாய்க்கவேயில்லை. ஒவ்வொரு தடவையும் போட்டிக்கு முன்னால் போன் பண்ணி, "இந்தத் தடவை எனக்கு உண்டா, பாக்?" என்று கேட்பாள். பெற்ற மனசு எப்படி இல்லை என்று சொல்லும்? "துருங், கண்ணு" என்பார். அவளும் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவாள்.

இடையில் அரசாங்க அலுவலகத்தில் ஒரு வேலை தேடி வந்தது. அடுத்த போட்டி முடியட்டும் என்றாள். யோக்யாவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அவளுக்காகக் காத்திருந்தார். பிறகு அவரும் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். இந்தப் பெண்ணுக்கு என்ன பிடிவாதம் என்று தார்யோனோ மனைவி முஸ்லிகாவிடம் புலம்பினார். பிடிவாதத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது.

இந்த வருஷம் காலிறுதி நாள். கடையில் கூட்டம். பெண்கள் ஒற்றையர் தங்கம் ஒரு சீனப் பெண்ணுக்கு என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். வெனிங் மோத வேண்டியதும் அவளோடுதான். சோத்தோ சூப் கடை கியாந்தோ மட்டும் விடவில்லை. "பெத்த பொண்ணை விட்டுட்டு ஊரான் பொண்ணுக்குத் தங்கம் குடுக்கறீங்களே, நீங்கல்லாம் ஒரு அப்பனா?" என்று சீண்டினான். அவர் ட்யூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது.

"பாக், முழங்கால் வீங்கிடுச்சு. ஊசி போட்டா இன்னிக்கு ஆடலாங்கறார் டாக்டர். அதுக்கப்புறம் நேரா நடப்பேனான்னு அவரால சொல்ல முடியலையாம். நீங்க சொல்லுங்க. உண்டா?"

பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டது. "துருங், கண்ணு."

"அது போதும். ஊசி போட்டுக்கறேன்."

"நில்லு, நில்லு. துருங்னுதானே சொன்னேன்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். ஜெயிப்பே ஜெயிப்பேன்னு எல்லாரும் புளுகறாங்க. நீங்க ஒருத்தர்தான் இன்னும் இல்லன்னு உள்ளதைச் சொல்றீங்க. இன்னும் இல்லன்னா, ஒரு நாளைக்கு உண்டுன்னுதானே? அதை நம்பித்தானே பாக் இத்தனை வருஷமா ஓடிக்கிட்டிருக்கேன்."

தார்யோனோவின் கையிலிருந்த ட்யூப் தொட்டிக்குள் விழுந்தது. சின்ன வயதில் ஊரை விட்டுப் போன பெண், ஊர்ச் சொல்லின் தோலை மட்டும் கொண்டுபோயிருக்கிறாள். உள்ளே இருந்தது என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

"வெனிங், கேளு. துருங் இல்ல. இல்லதான். உனக்குப் பதக்கம் வராது. ஊசி வேணாம். வீட்டுக்கு வா."

கடையில் அத்தனை பேரும் டிவியை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் ஆடுகளத்துக்கு வெளியே ஒருவரைப் பார்த்து இல்லை என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

"மொதல் வருஷம் சொன்னீங்களே, அது?" என்றாள் அவள்.

"அதுவும் இல்லதான்."

"போன வருஷம்?"

"அதுவும்தான், கண்ணு."

"எனக்கு முப்பத்தோரு வயசாவுது, பாக்" என்றாள் வெனிங். போனை வைத்துவிட்டாள்.

மத்தியானம் டிவியில் சொன்னார்கள், காயம் காரணமாக அவள் விலகிவிட்டாளாம். சீனப் பெண் மட்டையைத் தூக்காமலே அரையிறுதிக்குப் போனாள், வெண்கலமும் உறுதியானது. மகளின் காலையாவது காப்பாற்றிவிட்டோம் என்று தார்யோனோ மனதைத் தேற்றிக்கொண்டு படுத்தார்.

அந்தத் தேறுதலும் மறுநாள் வரைக்கும்தான். அரையிறுதியில் சீனப் பெண் காலை இழுத்து இழுத்து ஆடினாள். வலைக்குப் பக்கத்தில் விழுந்த பந்தைக்கூட எடுக்க முடியவில்லை. அவளுக்கும் காயமாம், இரண்டு நாளாக மறைத்து வைத்திருந்தாளாம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது இரண்டு ஆட்டத்தையும் அடுத்தடுத்துத் தோற்று, வெண்கலத்தோடு போனாள்.

"உங்க தங்கம் தகரமாப் போச்சே, பாக் தார்!" என்று கியாந்தோ தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "இந்தக் காலை வச்சுக்கிட்டா இவ வந்தா? நம்ம வெனிங் ஒத்தக் கால்லயே இவள அடிச்சிருக்குமே!" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. டெம்பேத் தட்டை எடுத்துப் பக்கத்து ஆளிடம் நீட்டினான்.

தார்யோனோ இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். பஞ்சர் ஒட்டின கை, ரப்பர் பசை நாற்றம். "பாத்தீங்களா, பந்தை நான் பாக்கலேங்கறார்" என்று பின்னாலிருந்து ஒருவன் வேடிக்கை பண்ணினான். இரண்டு பேர் சிரித்தார்கள். கையை அவர் எடுக்கவில்லை.

போட்டி முடிந்தது. வெனிங் ஜகார்த்தா வந்துவிட்டதாக விடுதியிலிருந்து யாரோ சொன்னார்கள். அவள் போன் பண்ணவில்லை. இவர் அடித்தாலும் எடுக்கவில்லை. அவளுக்குப் பிடிக்குமே என்று முஸ்லிகா வெல்லம் போட்டுப் பலாக்காயை வேகவைத்து வைப்பாள், இரண்டு பேருமாகவே தின்று தீர்ப்பார்கள். "கால் நல்லாத்தான் இருக்கும், பாக். கோவம்தான்" என்பாள் அவள். அந்தக் கோபம் நியாயமானது என்று அவருக்குத் தெரியும். ஊர் வாயில் இருந்த சொல்லை எடுத்து மகளுக்கு வருஷா வருஷம் ஊட்டியவர் அவர். கடைசியில் ஒரே ஒரு தடவை நேராகப் பேசினார், அதுவும் சரியா தப்பா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அடுத்த போட்டிக்கு யார் என்று கேட்டு வந்தவர்களுக்கு டிவியைப் போடாமலே ட்யூபை உரசிக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் கியாந்தோ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். இந்தத் தடவை நிஜமாகவே பஞ்சர். குனிந்து நின்று, சீண்டல் எதுவும் இல்லாமல் மெதுவாகக் கேட்டான்.

"வெனிங் வந்துதா, பாக் தார்?"

"துருங்" என்றார் தார்யோனோ.

எங்கள் ஊர்க்காரன் அல்லவா, கியாந்தோ உடனே புரிந்துகொண்டு மழை வரும் போலிருக்கிறது என்று பேச்சை மாற்றினான். தார்யோனோ மட்டும், மகள் இத்தனை வருஷமாக அந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொண்டாளோ அப்படியே தானும் எடுத்துக்கொண்டு, சோலோ பஸ் நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.