ஏழாம் நம்பர் நட் டிரைவர்

சூசைரட்ணம் எதை வாங்கினாலும் காதருகே வைத்து ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். தேங்காயை எல்லோரும்தான் ஆட்டுகிறார்கள். அவர் தீப்பெட்டியையும் ஆட்டுவார், டோர்ச் லைட்டையும் ஆட்டுவார், மகள் ஷாமிலாவுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது வாங்கிய கொம்பாஸ் பெட்டியையும் ஆட்டுவார். கடைக்காரர்கள் சிரித்தால் அவரும் கூடச் சிரித்துவிட்டு மறுபடியும் ஆட்டுவார். ஷாமிலாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இது நடக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். சான்றிதழைச் சுருட்டி வைத்திருந்த அட்டைக் குழாயை அவள் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது, அதையும் காதில் வைத்து ஆட்டினார்.

"என்னா சத்தம் கேக்குது?" என்றாள் அம்மா.

"காலிச் சத்தந்தான். வேல இன்னும் உள்ள வந்து சேரல."

வாசலில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷாமிலாவும் சிரித்தாள். இரண்டு வருடம் கழித்தும் வேலை வந்து சேரவில்லை. அப்போதுதான் அந்தப் பகிடி அவளைக் குத்தத் தொடங்கியது.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக முப்பத்தொரு வருடம் இருந்தவர் சூசைரட்ணம். இலை அரைக்கும் ரோலர்களின் இரைச்சலுக்கு நடுவே எந்த பெயாரிங் சாகப்போகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். அந்த மெஷின்கள் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்கள். ஒவ்வொரு நட்டும் அங்குலக் கணக்கு. ஓய்வு பெற்றதும் கையில் வந்த பணத்தில் ஒரு பழைய வெள்ளை நிற ஜப்பான் காரை வாங்கினார். அதில் எல்லாம் மில்லிமீட்டர். வீட்டில் இருந்த நட் முறுக்கும் சாவிகளில் ஒன்றுகூட அதற்குச் சரியாகப் பிடிக்கவில்லை. வாழ்க்கை முழுக்க அங்குலத்தில் ஓட்டிய மனிதர் ஐம்பத்தெட்டு வயதில் மில்லிமீட்டர் படிக்க உட்கார்ந்தார்.

கார் கல்யாணத்துக்கும் கிளினிக்குக்கும் வாடகைக்கு ஹயர் போகும். கராஜ் என்றால் ஹட்டனுக்குத்தான் போகவேண்டும். அதனால் லயத்துக்குப் பக்கத்தில் இருந்த சமதரையில் கல்லை முட்டுக்கொடுத்து, எல்லா வேலையையும் தானே பார்த்தார். அதற்குள் சீனி வியாதி அவரது விரல் நுனிகளைத் தின்றிருந்தது. சூடு தெரியாது, கூர்மை தெரியாது. விரல் செத்துப்போனாலும் காது செத்துப்போகவில்லை என்பார்.

ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடையே ஸ்பேனரைத் திருப்ப இடமில்லை. அங்கே தண்ணீர்க் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பை முறுக்க நட் டிரைவர்தான் வேண்டும். பார்வைக்குத் திருப்புளி மாதிரிதான் இருக்கும். நுனியில் மட்டும் நட்டின் தலை உட்காரும் ஆறு மூலைக் குழி. அவரிடம் இருந்த ஏழாம் நம்பர் ஒருநாள் வாய் பிளந்துவிட்டது. அந்த வாரம் ஷாமிலா ஒரு நேர்முகப் பரீட்சைக்குக் கண்டி போகவிருந்தாள். ஏழு, எட்டு, பத்து, மூன்றும் வாங்கிவரச் சொன்னார்.

அவர் சொன்னதை அவள் இன்றைக்கும் வரி பிசகாமல் சொல்வாள். குழிக்குள் ஆறு மூலைதான் இருக்கவேண்டும், பன்னிரண்டு மூலை வேண்டாம், அது நட்டின் தலையைத் தின்றுவிடும். நம்பர் இரும்பிலேயே வெட்டியிருக்க வேண்டும், கடதாசி ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. பூச்சை நகத்தால் சுரண்டிப் பார், உரியக்கூடாது. கம்பி பிடிக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று முறுக்கிப் பார். கடைசியாக, காரிலிருந்து கழற்றிய மூன்று பழைய போல்ட்டுகளை ஒரு கைலேஞ்சித் துணியில் முடிந்து கொடுத்தார்.

"இதப் போட்டு ஆட்டிப் பாரு. சத்தம் கேட்டா வாங்காத. எவ்ளோ வெல சொன்னாலும் சத்தம் கேக்காததத்தான் வாங்கணும்."

நேர்முகம் பத்து நிமிடத்தில் முடிந்தது. சான்றிதழ்களைப் புரட்டியவர், அப்பா என்ன வேலை என்று கேட்டார். அவள் 'தொழில்நுட்பவியலாளர்' என்றாள். சொல்லும்போதே காது சூடானது. பிட்டர் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? தெரியாது. வாய் அப்படிச் சொல்லிவிட்டது.

அந்த வாயோடுதான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஹார்ட்வெயார் கடைக்குள் நுழைந்தாள். சேலை, கையில் பைல், தோளில் கைப்பை. கடைக்காரர் 'மிஸ்' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, பாடசாலைக்கா என்று சிங்களத்தில் கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் மூன்று நட் டிரைவர்களைக் கண்ணாடி மேசையில் வைத்தார். நீலப் பிடி, பளபளப்பு. நம்பர்கள் கடதாசியில் ஒட்டியிருந்தன. பக்கத்தில் இரண்டு பெண்கள் வர்ணப் பூச்சுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கைப்பைக்குள் கையை விட்டாள். கைலேஞ்சியின் கிரீஸ் பிசுக்கு விரலில் ஒட்டியது. அதை வெளியே எடுத்து, முடிச்சை அவிழ்த்து, இத்தனை பேர் முன்னால் துருப்பிடித்த போல்ட்டைப் போட்டுக் காதருகே ஆட்டவேண்டும். லயத்துப் பெண் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்வதுபோல இருந்தது அவளுக்கு. கையை வெளியே எடுத்தாள். கைலேஞ்சி உள்ளேயே கிடந்தது. பில் போடச் சொன்னாள்.

வீட்டில் அப்பா கேட்ட முதல் கேள்வி, "போட்டுப் பாத்தியா?"

"பாத்தேம்ப்பா. ஆடல."

வாழ்நாளில் ஒரேயொரு தடவை, சூசைரட்ணம் ஒரு பொருளை ஆட்டிப் பார்க்காமல் வைத்தார். மகள் பார்த்துவிட்டாள் அல்லவா. கடதாசி ஒட்டியிருந்ததை மட்டும் கவனித்து, இப்பல்லாம் எல்லாத்துலயும் இப்படித்தான் வருது போல என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுநாள் ரேடியேட்டரைக் கழுவி, குழாயை மாட்டி, புது ஏழாம் நம்பரால் கிளிப்பை முறுக்கினார். கொஞ்சம் முறுகியது. அப்புறம் 'கடக்' என்றது. அது வாய் அகன்று தலையை வழுக்கிய சத்தம். செத்த விரல்களுக்கு அது தெரியவில்லை. கிளிப் இறுகி முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார்.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. கடைத்தெருவுக்கும் கோயிலுக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டம்தான்.

ஆடி மழை பிடித்திருந்த ஒரு பகலில் லயத்தில் நான்காவது காம்பரா வீட்டு முத்துலிங்கம் ஓடிவந்தான். அவன் மனைவி ஜெயந்தினிக்கு எட்டு மாதம். திடீரென்று இரத்தம் போகத் தொடங்கியிருந்தது. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. சூசைரட்ணம் சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் காரை எடுத்தார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் சிங்களம் பேச ஆள் வேண்டுமென்று முத்துலிங்கத்தோடு ஷாமிலாவும் ஏறினாள். ஜெயந்தினியின் தலை அவள் மடியில் இருந்தது.

ஏற்றத்தில் பாதி வழியில் எஞ்சினுக்குள் ஒரு தட்டல் கேட்டது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவரது முகம் மாறியதை ஷாமிலா கண்ணாடியில் பார்த்தாள். அடுத்த வளைவில் ஆவி முன் கண்ணாடியை மறைத்தது. இறங்கி மூடியைத் தூக்கினார். குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மழையில் நனைந்தபடி குழாயை ஏற்றி, நீலப் பிடியைப் பொருத்தி முறுக்கினார். அது தலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. மறுபடியும் முறுக்கினார். மறுபடியும் சுற்றியது. கம்பியால் கட்டி, ஓடைத் தண்ணீர் ஊற்றிச் சாவியைத் திருப்பியபோது எஞ்சின் இறுகிப்போயிருந்தது.

மரக்கறி வேன் ஒன்று வந்து அவர்களை ஏற்ற நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் ஜெயந்தினி முனகவில்லை. ஷாமிலாவின் கையை மட்டும் பிடித்திருந்தாள். பிடி வரவரத் தளர்ந்தது.

தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளை இல்லை. முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று முத்துலிங்கம் கேட்டுச் சொல்லச் சொன்னான். ஷாமிலா சிங்களத்தில் கேட்டாள். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். அந்தப் பதிலை அவள் இன்னமும் வைத்துக்கொண்டிருக்கிறாள். சில நாள் அதில் ஒதுங்கி நிற்க இடம் இருப்பதுபோலத் தோன்றும். சில நாள் அதுவும் தோன்றாது.

காரைக் கயிறு கட்டி இழுத்துவந்த அன்று, சூசைரட்ணம் படியில் உட்கார்ந்து ஏழாம் நம்பருக்குள் ஏழாம் நம்பர் போல்ட்டைப் போட்டுக் காதருகே ஆட்டினார். கதவுக்குள் நின்ற ஷாமிலாவுக்கே கேட்டது. கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. எட்டைப் போட்டு ஆட்டினார். பத்தைப் போட்டு ஆட்டினார். அப்புறம் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டார்.

திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். அவர் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:

"கடையில போட்டுப் பாக்க விடலயாம்மா?"

அது கேள்வியே இல்லை. தப்பிப் போவதற்கு அவர் திறந்துவிட்ட வழி. அவள் அந்த வழியாகவே போனாள்.

"விடலப்பா."

"ம். சில கடையில விட மாட்டானுங்க."

அதோடு முடிந்தது. அவர் அதைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை அவள் கேட்கவுமில்லை.

எட்டாம் நாள், அவர் முத்துலிங்கத்தின் காம்பராவுக்குப் போனார். அவளையும் வரச் சொன்னார். உள்ளே ஜெயந்தினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் உட்காரவில்லை.

"லிங்கம், ரோட்டுல காரு நின்னதுக்கு நாந்தான் காரணம். கண்டியில நானே போயி வாங்குன சாமான். பாத்து வாங்கல. நம்பர் பிசகு."

முத்துலிங்கத்துக்கு நட் டிரைவரைப் பற்றி என்ன தெரியும்?

"நீங்க வராட்டி இவளும் போயிருப்பா மாமா" என்றான்.

"அப்படிச் சொல்லாத. அடுத்த தடவ இவள நான் கொண்டு போறேன். என்னா காரா இருந்தாலும், யாரு காரா இருந்தாலும், கொண்டு போயி பெத்து எடுத்துக் கூட்டிட்டு வந்து இதே வாசல்ல விடுவேன். இது நான் ஒனக்குப் பட்ட கடன்."

ஷாமிலா பக்கத்தில் நின்றாள். 'அப்பா போகவில்லை, நான்தான் போனேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? திரும்பி வரும்போது அவர் முன்னால் நடந்தார். அவள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தை மாதத்தில் ஒரு காலை, தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு. குழி வெட்ட லயத்து ஆண்கள் போனார்கள். முதல் மண்வெட்டியை எடுத்தவன் முத்துலிங்கம். அவன் வேட்டியெல்லாம் செம்மண். வேதக் கோயில் வாசலில் ஷாமிலாவைப் பார்த்து, ஒங்கப்பா மாதிரி தப்ப ஒத்துக்குற மனுசன் எங்க தங்கச்சி இருக்காங்க என்றான். அவள் தலை குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவன் விலகிப் போனான். கார் பழைய இரும்பாக டிக்கோயாவுக்குப் போனது.

இப்போது ஜெயந்தினிக்கு மறுபடியும் ஏழு மாதம். போன செவ்வாய்க்கிழமை தோட்டத்துக் கிளினிக்குக்குத் துணைக்கு ஷாமிலாவைக் கூப்பிட்டாள். பிரசவம் பார்க்கப் புதிதாக வந்திருக்கும் மருத்துவமாதுவுக்குத் தமிழ் தெரியாது. ஷாமிலா நடுவே உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எடை, இரத்த அழுத்தம், முந்தைய பிரசவம். அப்புறம் மருத்துவமாது ஒரு படிவத்தைத் திருப்பி, அவசரம் என்றால் எந்த வாகனம், யாருடையது என்று கேட்டார்.

ஷாமிலா அதைத் தமிழில் சொன்னாள்.

ஜெயந்தினி வயிற்றைத் தடவினாள். "சூசை மாமா கொண்டு போறேன்னு சொல்லியிருந்தாரு. அவரும் போயிட்டாரு. வேற யாருகிட்டயும் கேட்டு வைக்கல. அதையே சொல்லு தங்கச்சி."

மருத்துவமாது பேனாவைப் பிடித்துக்கொண்டு ஷாமிலாவின் முகத்தைப் பார்த்தார். இன்னும் ஒழுங்கு செய்யவில்லை என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். மருத்துவமாது அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.