படிக்காமல் பாடிய சாற்றுகவி

சொந்தச் செலவில் அச்சிட்ட என் பக்தி நாவலை அறிமுகப்படுத்த, ராஜகீழ்ப்பாக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து எழுத்தாளர்களின் இணையக் குழுவொன்றில் சேர்ந்தேன். அங்கே ஓர் இளம் நாவலாசிரியர் என் நூலை வானளாவப் புகழ்ந்தார். நெகிழ்ந்துபோய், அவர் நாவலைப் படிக்காமலேயே ஒரு வெண்பாவை, நூலைப் பாராட்டும் சாற்றுகவியாக அனுப்பினேன். பிறகு படித்தால், பக்கந்தோறும் இறைநிந்தனை! பதறி, வெண்பாவைப் போட வேண்டாமென்று சொல்ல அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“சார், உங்க வெண்பாவைப் பின்னட்டைல போடறதா குரூப்ல சொல்லிட்டேன். இப்ப வேணாம்னா என் மானமே போயிடும்!”

வலையில் அகப்பட்ட மானாய்த் தவித்தேன். வேறு வழி தோன்றாமல், “என் நாவல்ல உங்களுக்கு எந்த இடம் பிடிச்சுது?” என்றேன்.

“இன்னும் பிரிக்கவேயில்ல சார். நீங்களும் எனக்கு எழுதுவீங்கன்னுதான்…”

“அப்போ உங்க பாராட்டு, என் வெண்பா, ரெண்டையும் எடுத்துடலாமா?”

“எடுத்துடறேன் சார்.”

இப்போது முழுதும் படிக்காமல் எவருக்கும் ஒரு வரியும் தருவதில்லை. என் புதிய நாவலின் பின்னட்டையில் குன்றத்தூர் முருகன் மட்டுமே இருக்கிறான்.