பெரியப்பா வீட்டுப் பாலம்

மற்றவர்கள் நகையைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், பட்டுப்புடவையைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நான் ஒரு பாலத்தைப் பார்த்து வயிறு எரிந்து வளர்ந்தவள். அதுவும் கட்டி முடிக்காத பாலம்.

தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு ரயில் பாதைப் பக்கம் திரும்பினால் எங்கள் ஊர். இப்போது பாலத்தின் மேல் போகிறவர்களுக்குக் கீழே ஓர் ஊர் இருப்பதே தெரியாது. எண்பதுகளில் அங்கே ரயில்வே கேட்தான். மின்சார ரயில் ஒன்று போகும், எக்ஸ்பிரஸ் ஒன்று வரும், கேட் மூடியே கிடக்கும். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி, வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்று, சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடியும் ஏறி உட்காருவார்கள். அதற்குள் அடுத்த ரயில் வந்துவிடும்.

பெரியப்பாவும் அப்பாவும் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். பயிர் வைத்த நிலமெல்லாம் அதற்கு முன்பே மனைகளாகி விற்றுப் போயிருந்தது. வீட்டின் கிழக்குப் பாதியும் அதை ஒட்டிய மாட்டுக் கொட்டகையும் பெரியப்பாவுக்கு. மேற்குப் பாதி எங்களுக்கு, அதன் ஓரத்தில் அப்பாவின் அரிசிக் கடை. அந்தக் கடையை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. பெரியப்பாவுக்கு மட்டும் மேடவாக்கத்தில் இன்னொரு மனை இருந்தது. அது பெரியம்மா வீட்டு வழியில் வந்தது என்று ஊருக்கே தெரியும். அப்பா மட்டும் அதைத் தன்னிடமிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தது போலவே பேசுவார்.

பொறாமை எனக்கு அப்பா வழிச் சொத்து. பெரியப்பா மகள் என்னைவிடக் கொஞ்சம் பெரியவள், அக்கா என்று கூப்பிடுவேன். நான் உடுத்திய பாவாடைகள் எல்லாம் அவள் உடுத்திக் கழித்தவை. பள்ளிக்கூடத்தில் நான் படித்த புத்தகங்களில் அவள் மீசை வரைந்த தலைவர்கள் இருப்பார்கள். ஆடி மாதத்தில் அம்மன் ஊர்வலம் வந்தால் சாமி முதலில் நிற்பது பெரியப்பா வாசலில்தான். மூத்தவர் வீட்டுக்கு முதல் மரியாதை என்பது ஊர் வழக்கம். அங்கே தேங்காய் உடைத்து, தீபாராதனை காட்டி, பூசாரி சாவகாசமாகத் திருநீறு பூசிவிட்டுத்தான் எங்கள் வாசலுக்கு நகர்வார். எங்களிடம் வரும்போது கற்பூரம் குட்டையாகியிருக்கும், மேளக்காரர் வியர்வை துடைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு ஆடியிலும் அப்பா, "முந்திப் பொறந்துட்டாரு, அவ்ளோதான்" என்று முணுமுணுப்பார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

இந்த லட்சணத்தில்தான் பாலம் வந்தது.

ஒருநாள் ஜீப்பில் நான்கைந்து பேர் வந்து இறங்கினார்கள். அவர்களில் இன்ஜினீயர் மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்தி அதன் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பொருத்தி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். தூரத்தில் இன்னொருவர் சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பைப் பிடித்துக்கொண்டு, அவர் கையசைக்கும் பக்கமெல்லாம் நகர்ந்தார். கேட்டுக்கு மேலே பாலம் வரப்போகிறதாம். பாலத்தின் சரிவு எங்கள் தெருவைக் குறுக்கே கடந்து இறங்குமாம். இரண்டு வரைபடம் இருக்கிறது, ஒன்றில் பெரியப்பா பக்கம், ஒன்றில் எங்கள் பக்கம் என்று கேட் கீப்பர் வந்து சொன்னார்.

தாம்பரத்தில் ரோடு ஓரத்துக் கடைகள் கொழிப்பதை ஊரே பார்த்திருந்தது. பாலம் யார் வாசலில் இறங்குகிறதோ அவர் பாடு யோகம் என்று எல்லோரும் நம்பினார்கள். பாலம் இறங்குவதற்கு இடம் வேண்டுமே, அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் யோசனை போகவில்லை. அதுவரை எங்கள் ஊரில் எந்த ரோடும் யார் வீட்டையும் எடுத்ததில்லை.

சில மாதம் கழித்துப் பெரியப்பா வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஓர் அம்புக்குறியும் பக்கத்தில் ஒரு பூஜ்யமும் எழுதிவிட்டுப் போனார்கள். எங்கள் சுவரில் ஒன்றுமில்லை. எனக்கு முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது.

"உங்க வூட்டுக்கு முட்டை மார்க்கு" என்றேன் அக்காவிடம்.

"போடி. அளக்கறதே எங்க வூட்டாண்டருந்துதான். சைபர்னா பர்ஸ்ட்டு" என்றாள் அவள்.

இன்ஜினீயரிடமே போய்க் கேட்டேன். அவள் சொன்னதுதான் சரி என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெரியம்மா அந்தப் பூஜ்யத்துக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. சாமி முதலில் நிற்கிற வாசலில் சர்க்காரும் முதலில் நின்றதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. கம்பு பிடித்தவர் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார். இன்ஜினீயர் மட்டும் தர்மசங்கடமாகச் சிரித்துவிட்டு ஜீப் பக்கம் போய் நின்றார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது காப்பிப் போட்டி. பெரியம்மா ஜீப்பைக் கண்டதும் டிகாக்‌ஷன் இறக்குவாள். அம்மா விடுவாளா? முந்திரி போட்டுக் கேசரி கிளறி, எவர்சில்வர் தட்டில் வைத்து மூடி, என்னிடம் கொடுத்தனுப்பினாள். வாசலிலேயே அக்கா நின்றிருந்தாள். "குடுடி, நான் குடுக்கறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டு போய், "எங்க வூட்டுல செஞ்சது சார்" என்று நீட்டிவிட்டாள். அவர் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார். அந்தக் கேசரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அப்பா ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு இன்ஜினீயரிடம் போனார்.

"சார், எங்க பக்கம் ஒரு டிராயிங் கீதுன்னாங்களே. அது இன்னா ஆச்சு?"

இன்ஜினீயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க பக்கம் வராம இருக்கிறதே உங்களுக்கு நல்லது சார். உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க" என்றார்.

அப்பா விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பினார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பை உதறிவிட்டு, "அண்ணன் வூட்டுக் காப்பி பேசுது" என்றார். பெரியப்பாதான் சொல்லி வைத்துப் பாலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினார். பெரியப்பா ஒருமுறை கடைக்கு வந்து, "தம்பி, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். அப்பா மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "யாவாரத்த கெடுக்காத, போயிட்டு அப்பால வா" என்றார். பெரியப்பா அப்பால் வரவேயில்லை.

அக்காவிடம் நானும் பேசக் கூடாது என்று உத்தரவு. ஆனால் நான் பேசினேன். அவளிடம் புதிதாக என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எப்படிப் பொறாமைப்படுவது?

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. பாலத்துக்குப் பணம் பாதி ரயில்வே, பாதி ஸ்டேட் சர்க்கார் என்று ஏற்பாடு. ரயில்வே தன் பங்கை வைத்துத் தண்டவாளத்துக்கு மேலே வருகிற பகுதியை மட்டும் கட்டி முடித்துவிட்டது. இரண்டு பக்கச் சரிவும் ஸ்டேட் கட்ட வேண்டும். அவர்களுக்கு நிதி வரவில்லை. நிதி வந்தபோது தேர்தல் வந்தது, தேர்தல் முடிந்தபோது நிதி வேறு எங்கோ போயிருந்தது. ஏற வழியில்லாமல், இறங்க வழியில்லாமல், கையில்லாத சட்டை மாதிரி அந்தரத்தில் நின்றது பாலம். அதன் மேல் காக்கா உட்காரும். கீழே கேட் பழையபடி மூடிக் கிடக்கும்.

அப்படி நின்றாலும் அது பெரியப்பா வீட்டுப் பாலம்தான். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். "பெரிப்பா வூட்டுப் பாலம் எப்போ முடியுமாம்?" என்று என்னிடமே கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மழையில் சுவரிலிருந்த பூஜ்யம் மங்கியது. பெரியம்மா மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசியது போக மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டை எடுத்து, தானே அதன் மேல் இன்னொரு முறை வட்டமாக வரைந்தாள். பெரியப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா கீதா?" என்று கேட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவ்வளவு இருந்தும் இந்த மனிதருக்கு ஒரு சந்தோஷம் இல்லையே என்று நினைத்தேன்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் நிதி வந்தது. சரிவு வருகிற இடத்தில் இருப்பதையெல்லாம் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தான். இருப்பது பெரியப்பா வீடு. மாட்டுக் கொட்டகை, கிணறு, வாசல், மஞ்சள் பூசிய பூஜ்யம் எல்லாம் சேர்த்துத்தான். பெரியம்மா அழுத அழுகை பொதுச் சுவரைத் தாண்டி எங்கள் சமையலறைக்குக் கேட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா அரிசி சலித்துக்கொண்டேயிருந்தார்.

எனக்கோ புதுக் கவலை. பெரியப்பா மேடவாக்கத்து மனையில் வீடு கட்டியிருந்தார். மொட்டை மாடியாம், வீட்டுக்குள்ளேயே குளிக்கிற அறையாம். சாமான் ஏற்ற லாரி வந்த அன்று, அக்கா அதன் மேல் கவிழ்த்துப் போட்ட கட்டிலின் நடுவே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் லாரியில் ஏறியதே இல்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். லாரியில் உட்கார்ந்துகொண்டு அழுகிறாளே, இறங்கினால் நான் ஏறிக்கொள்வேனே என்று தோன்றியது. அப்பா கடையை விட்டு வெளியே வரவில்லை. பெரியப்பா கடைப் பக்கம் பார்த்தார், பிறகு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

வீட்டை இடித்தபோது பொதுச் சுவரை மட்டும் எங்களுக்காக விட்டார்கள். அதன் அந்தப் பக்கம் வெளியே தெரிந்தது. பெரியப்பா வீட்டு நீல வர்ணம், அலமாரிப் பலகை இருந்த தடம், விளக்குப் புகை படிந்த சாமி மாடம். இப்போது அதெல்லாம் எங்கள் வீட்டு வெளிச்சுவர்.

அன்றைக்குப் பழைய இன்ஜினீயர் வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. அப்பா அவரிடம் கொஞ்சம் குத்தலாகவே கேட்டார், "எங்க அண்ணன் ஆசப்பட்டு வாங்கின பாலம், இப்படி ஆயிடுச்சே சார்?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார் அவர். "முதல் டிராயிங்ல பாலம் உங்க பக்கம்தான் இறங்குது. வீடு, கடை ரெண்டும் போயிருக்கும். உங்க அண்ணன்தான் என்னை உக்கார வெச்சு, தம்பிக்குக் கடையை விட்டா வேற பொழப்பு இல்ல, என் பக்கம் எடுத்துக்குங்க, நான் கேஸுன்னு கோர்ட்டுக்குப் போக மாட்டேன்னார். மேல எடுத்துச் சொல்லி டிசைனை இந்தப் பக்கம் மாத்தினோம். பேசுங்கன்னு அன்னிக்கே சொன்னேனே சார்."

அப்பா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். வைத்த கை அங்கேயே இருந்தது.

நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. அதில் ஒன்றே ஒன்று உள்ளே போய்த் தைத்தது. முதலில் எங்கள் பக்கம்! பூஜ்யம் எங்கள் சுவருக்கு வர வேண்டியது. மேடவாக்கமும் மொட்டை மாடியும் லாரியும் எங்களுக்கு வர வேண்டியது. பெரியப்பா கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டார். இத்தனை வருஷம் நான் பட்ட பொறாமை நியாயமானதுதான் என்று அன்றைக்கு உறுதியாயிற்று.

ஒரே ஓர் ஆறுதல் மிச்சமிருந்தது. ஆடி வந்தால் சாமி இனி எங்கள் வாசலில்தான் முதலில் நிற்க வேண்டும். நான் அதற்காகவே காத்திருந்தேன். ஆடியும் வந்தது. எனக்குப் புதுப் பாவாடை, யாரும் உடுத்தாதது. மேளம் நெருங்கியது, அம்மா தட்டோடு நின்றாள், பூசாரி எங்கள் வாசலைப் பார்த்துத் திரும்பினார். அப்பா குறுக்கே போய், "இங்க இல்ல, அங்க" என்று கை காட்டினார்.

அங்கே ஒன்றுமில்லை. சரிவுக்குக் கொட்டிய மண்மேடும், நீல வர்ணச் சுவரும்தான். அந்தச் சுவரின் மாடத்தில் யாரோ விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். மண்மேட்டுக்குப் பக்கத்தில் பெரியப்பா நின்றிருந்தார். காலையிலேயே மேடவாக்கம் போய் அப்பா கூட்டி வந்திருக்கிறார், எனக்குத்தான் சொல்லவில்லை. சாமியை அங்கே நிறுத்தி, முதல் தேங்காயை அண்ணன் கையில் கொடுத்து உடைக்கச் சொன்னார் அப்பா. வாசலே இல்லாதவருக்கு முதல் மரியாதை. நான் புதுப் பாவாடையோடு குட்டைக் கற்பூரத்துக்குக் காத்திருந்தேன்.

தீபம் எங்களிடம் வந்தபோது அப்பாவின் கண்கள் நிறைந்திருந்தன. "இதுலயும் முந்திகினாரு" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பாவம், அப்பாவுக்கும் என் அளவுக்கே வயிறு எரிகிறது என்று நினைத்தேன். "ஆமாம்பா" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.