ஒரே அட்டையில் கேட்ட பாட்டு

என் தங்கை போராடிப் பெற்றவை இவை: ஐந்து வயதில் பார்வை போன பிறகும் பள்ளிப் படிப்பு, மூன்று நேர்முகத் தேர்வுகளில் நிராகரிக்கப்பட்ட பிறகு நூலகத்தில் வேலை, அங்கே மாடி ஜன்னலோரம் இரண்டு கணினிகளும் நான்கு ஹெட்போன்களும் கொண்ட பாட்டு மூலை. அந்த மூலை இன்றும் இருக்கிறது. அவளுடைய பணிக் கோப்பில் ஒரு கண்டிப்பும் இருக்கிறது. இரண்டும் ஒரே காரியத்தால் வந்தவை.

நூலகம் ஓர் இணைய இசைச் சேவைக்குச் சந்தா கட்டியிருந்தது. உறுப்பினர்கள் தங்கள் அட்டை எண்ணையும் பாஸ்வேர்டையும் கொடுத்து நுழைந்தால், வீட்டிலிருந்தே செல்போனில் எந்த நாட்டு இசையையும் கேட்கலாம். இசைக் கலைக்களஞ்சியத்தையும் புரட்டலாம். தங்கையின் கணினி திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். ஒரு காதை அதற்குக் கொடுத்து, மறு காதை வந்தவருக்குக் கொடுப்பாள். பஸ் ஓட்டுநர் ஒருவர், "நேத்து ரேடியோல அழுவுற மாதிரி ஒரு குழல் வந்துச்சும்மா" என்று வாயாலேயே ஊதிக் காட்டுவார். அவள் தேடித் தேடி அந்தக் கருவியைப் பிடித்து, அவர் காதில் மாட்டிவிடுவாள்.

சிக்கல் பாஸ்வேர்டில்தான் வந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். போட்ட மறுநாளே மறந்துவிட்டு மாடியேறி வருவார்கள், மூச்சு வாங்கும். மனம் கேட்காமல் இவள் தன் அட்டை எண்ணையே எல்லார் போனிலும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"கதவு ஒண்ணுதானேக்கா, யார் சாவியில தொறந்தா என்ன?" என்றாள் என்னிடம். எனக்கும் அது சரியாகவே பட்டது.

சந்தா ஆண்டு முடிவில் சேவைக்காரர்கள் கணக்கு அனுப்பினார்கள். அவளை அழைத்துப் போக வந்த என்னையும் தலைமை நூலகர் உட்காரச் சொன்னார்.

"மாசத்துக்கு ஆயிரம் மணி நேரம் பாட்டு ஓடியிருக்கு. மாசத்துலயே அவ்ளோ மணி நேரம் கெடையாதும்மா. நீங்க தூங்கறதே இல்லையா?"

தங்கை சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"கேட்டது ஒரே ஒரு உறுப்பினர்னு இருக்கு. ஒருத்தருக்காக எதுக்குச் சந்தான்னு நூலகக் குழு கேக்குது. அட்டையை வெளிய வித்துட்டீங்களான்னும் கேக்குது."

அவள் வீடு வரும் வரை என் கையை விடவில்லை. "மூலை போனா போவட்டும்னு சொல்ல முடியலக்கா. அவங்கல்லாம் எங்க போவாங்க?"

குழு கூடுவதற்குள் ஒவ்வொருவரையும் அவரவர் அட்டையில் சேர்ப்பது என்று முடிவெடுத்தாள். எல்லாரையும் போனில் கூப்பிட்டாள். சிலர் பயந்துபோய் வரவே இல்லை. ஓய்வுபெற்ற நர்சம்மா வந்தார்.

"பாஸ்வேர்டா? எனக்கு வீட்டுக்காரர் பேரே சமயத்துல மறந்துபோவுது!"

"அதையே வெச்சுக்கோங்க. மறந்தா அவர்கிட்டயே கேட்டுக்கலாம்."

"கேட்டா கத்துவாரு."

"கத்தினா ஹெட்போன மாட்டிக்கோங்க."

சிரிப்பு அந்த மேசையோடு சரி. வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். குழுவுக்கு விளக்கம் எழுத வேண்டும். தப்பு என்னுடையது, கேட்டவர்கள் நிஜமானவர்கள், கூப்பிட்டு விசாரியுங்கள் என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சம்பளப் பட்டியலில்கூட அதுவரை அவளுக்குக் கட்டைவிரல் ரேகைதான். விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தில் புத்தகம் புத்தகமாகப் படித்தவளைக் கைநாட்டு என்று கேலி செய்தவர்களும் உண்டு. இந்த முறை, "என் பேரைத் தடிச்ச நூல்ல தெச்சுக் குடுக்கா" என்று கேட்டாள். என் தையல் கடையில் மிச்சம் விழுந்த துணியில் தைத்துக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க அவள் விரல் அதன்மேலேயே ஓடிக்கொண்டிருந்தது.

கடிதத்தைக் கொடுக்கப் போனபோது எழுத்தர் வழக்கம்போல மைப்பெட்டியைத் திறந்தார்.

"மை வேணாம் சார். ரேகை வெச்சா, வேற யாரோ எழுதிக் குடுத்து நான் அமுக்கினேன்னு நெனப்பாங்க. பண்ணது நான். பேரு போடறேன்."

என் அடிக்கோலைக் கையெழுத்துப் போடும் இடத்தின் கீழ் வைத்துப் பிடித்தேன். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டன. கடைசி எழுத்து கோலைத் தாண்டிக் கீழே இறங்கியது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

"தேதி?" என்றார் எழுத்தர்.

"அத நீ போடுக்கா" என்றாள்.

போட்டேன்: 2019 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை.