கரடி வேட்டையும் நான் பேசாத போனும்

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. டெக்ஸாஸில், ரவுண்ட் ராக்கில் வேலைக்குச் சேர்ந்து அப்போது எனக்கு ஒன்றரை வருஷம். என் அபார்ட்மென்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் நாகர்கோவில்காரர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிறு சர்ச், சனிக்கிழமை காட்டுப்பன்றி வேட்டை, இதுதான் அவருடைய வாரக் கடைசி. பதினான்கு வருஷமாக இங்கே பன்றியும் மானும் சுட்டவருக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. வடக்கே மலைக்குப் போய் வசந்த காலத்தில் ஒரு கருங்கரடி வேட்டை. அந்த ஜூன் மாதம் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. அதனால் மே மாதத்தை விட்டால் பிறகு இல்லை.

ஐடஹோ மலைகளுக்குப் போவதாக ஜனவரியிலேயே திட்டம் போட ஆரம்பித்தோம். குளிர்காலம் முழுக்கத் தூங்கிய கரடி, பனி உருகும்போது பசியோடு வெளியே வரும். வெயில் படும் சரிவில்தான் முதல் புல் முளைக்கும் என்பதால் அங்கே மேய வரும். நாம் எதிர்ச் சரிவில் உட்கார்ந்து நாள் முழுக்க பைனாகுலரில் பார்க்க வேண்டும். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். துப்பாக்கி, லைசென்ஸ், கூடாரம், சாப்பாடு அவர் பொறுப்பு. மேப், ரோடு, தங்கும் இடம் என் பொறுப்பு. "நீ துப்பாக்கியைத் தொட வேண்டாம் மக்கா. கம்ப்யூட்டரைத் தொடு, அது போதும்" என்பார். அண்ணி உள்ளேயிருந்து, "கரடியோட வந்தீங்கன்னா ரெண்டு பேரும் கராஜ்லயே இருந்துக்கோங்க. என் ஃப்ரீசர்ல இடம் கிடையாது" என்பார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஒருவர் தன் பதினான்கு வருஷ ஆசையை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தே, ஆபீஸ் முடிந்து வந்ததும் சாட்டிலைட் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் ஒரு பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்தேன். ஒரு பக்கம் முழுக்க வெயில் சரிவு, அடியில் ஓடை. காட்டு ரோடு ஒன்று அதன் வாசல் வரைக்கும் போனது. அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இங்கதான்டே" என்றார்.

செய்ய வேண்டியதை எல்லாம் ஒரு ஷீட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். முடித்ததற்கெல்லாம் பச்சை நிறம். கடைசியில் பச்சையாகாமல் நின்றது ஒரே வரி. அந்த ஊர் வன அலுவலகத்துக்குப் போன் செய்து, ரோடு திறந்திருக்குமா என்று கேட்க வேண்டும்.

எனக்கு மெயில் எழுத வரும். மீட்டிங்கில் முகம் பார்த்துப் பேசவும் வரும். ஆனால் முகம் தெரியாதவரோடு போனில் இங்கிலீஷ் என்றால் பயம். வந்த புதிதில் ஒரு கிளினிக்குக்குப் போன் செய்தபோது, நான் சொன்னதை நாலு தடவை திரும்பக் கேட்டுவிட்டு, வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். படித்த ஒரே ஆள் நான்தான் என்று எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து முடிந்தவரை போனைத் தவிர்த்துவிடுவேன்.

வன அலுவலகத்தின் வெப்சைட்டில், அந்த ரோடு வழக்கமாக மே நடுவில் திறக்கும் என்று போட்டிருந்தது. அது போதும் என்று நானே முடிவு செய்து அந்த வரியையும் பச்சையாக்கினேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் அண்ணன் கேட்டார்.

"ஆபீசுக்குப் போன் பண்ணிப் பேசிட்டியாடே?"

"பேசிட்டேண்ணே. ரோடு திறந்துருமாம்."

அவர் மறுகேள்வி கேட்கவில்லை.

அவருடைய பிக்கப் வண்டியில் இரண்டு நாள் மாறி மாறி ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம். பள்ளத்தாக்குக்குப் பதினாலு மைல் இருக்கும்போதே இரும்பு கேட் குறுக்கே நின்றது. வெள்ளத்தில் பாலம் போய்விட்டது, ஜூலை வரை ரோடு மூடல் என்று அறிவிப்பு. அண்ணன் இறங்கிப் போய் கேட்டில் கை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றார். கூடாரம், சாப்பாடு எல்லாம் சுமந்து இன்னும் உருகாத பனியில் பதினாலு மைல் நடக்க முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "போன்ல திறந்திருக்கும்னுதாண்ணே சொன்னாங்க" என்றேன்.

வேறு இடம் கேட்கலாம் என்று வன அலுவலகத்துக்குப் போனோம். முன் மேஜையில் ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஓர் அம்மா. அண்ணன் கோபப்படாமல்தான் சொன்னார், போன வாரம் என் தம்பி போன் செய்தபோது திறந்திருக்கும் என்று சொன்னீர்களாமே என்று. அந்த அம்மா பதறிப்போய், வந்த போன்களை எழுதி வைக்கும் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பாலம் போய் மூன்று வாரம் ஆகிறது, இங்கே போன் எடுப்பது நான் ஒருத்திதான் என்றார். உள் அறையிலிருந்து அவருடைய மேலதிகாரி வந்து கதவருகே நின்றார். அந்த அம்மா என்னைப் பார்த்து, என்னோடுதான் பேசினீர்களா என்று கேட்டார்.

அப்படித்தான் நினைக்கிறேன் என்றேன்.

உங்கள் போனை எழுதாமல் விட்டு, தகவலையும் தப்பாகச் சொல்லியிருப்பேன், என் தவறுதான், இவ்வளவு தூரம் வந்தவர்களை அலைக்கழித்துவிட்டேன் என்று எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். மேலதிகாரி உள்ளே போனார். அவர் போன திசையை ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்த அம்மா மேப் ஒன்றை விரித்து, போக முடிந்த வேறொரு ஓடைக்குப் பென்சிலால் வழி போட்டுக் கொடுத்தார்.

அங்கே ஐந்து நாள் இருந்தோம். மூன்று நாள் மழை. நாலாம் நாள் எதிர்ச் சரிவில் ஒரே ஒரு கரடி தெரிந்தது. பின்னாலேயே இரண்டு குட்டிகள் புரண்டுகொண்டு வந்தன. குட்டியோடு இருக்கும் தாயைச் சுடக் கூடாது. அண்ணன் அவை மரங்களுக்குள் மறையும் வரை பைனாகுலரை இறக்கவில்லை. "நல்லாத்தான்டே இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும் வழியில், கொலராடோ தாண்டும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். போன் செய்யவே இல்லை என்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"கரடி கிடக்கட்டும் மக்கா. எனக்குக் கொடுத்து வைக்கல, அவ்வளவுதான். அந்தப் பொம்பள நம்மகிட்ட சாரி கேட்டாளே. நீ பக்கத்துலதான நின்ன?"

ரவுண்ட் ராக் வரும் வரை அவர் என்னிடம் வேறு பேச்சு எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே அந்த வன அலுவலகத்துக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் தள்ளிப் போட்டேன். அண்ணன் குடும்பத்தை ஏர்போர்ட்டில் விட்டு வந்த பிறகுதான், ஜூன் கடைசியில், பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அந்த நம்பரை அழுத்தினேன். ஓர் இளைஞன் எடுத்தான். இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னான், சொன்னேன், அவனுக்குப் புரிந்தது. அவ்வளவுதான், பயந்த மாதிரி ஒன்றுமே நடக்கவில்லை. அந்த அம்மா இப்போது அங்கே வேலை செய்யவில்லை என்றான். ஏன் என்று கேட்டேன். அதெல்லாம் சொல்ல முடியாது, சொந்த நம்பரும் தர முடியாது, வேண்டுமானால் செய்தி சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன் என்றான். அவர்மேல் தவறே இல்லை, நான் போன் செய்யவே இல்லை, பொய் சொன்னது நான்தான் என்று சொல்லி எழுதச் சொன்னேன். மேலதிகாரியிடமும் காட்டச் சொன்னேன்.

காட்டினானா, அந்த அம்மாவுக்கு அது போய்ச் சேர்ந்ததா, அவர் வேலையை விட்டதற்கு நான் காரணமா, எதுவும் எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் யாருக்கும் தயங்காமல் போன் செய்து பேசுகிறேன். ஆனால் என் கூச்சத்தை மறைக்க முன்பின் தெரியாத ஒருவரைத் தலைகுனிய வைத்தேன் என்பதை, எத்தனை போன் பேசினாலும் அழிக்க முடியவில்லை.