பரிசத்தன்று நான் சொன்ன பதில்

ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் சிறிய அறையில், மரபணு ஆலோசகராக இருந்த இளம்பெண் ஒரு தாளில் இரண்டு கோடுகள் வரைந்தார். மூன்று மாதங்களுக்கு முன் என் பெருங்குடலிலிருந்து ஒரு புற்றுக்கட்டியை வெட்டி எடுத்திருந்தார்கள். அதைச் சுற்றிச் சிறு சதை முளைகள் நிறைய இருந்தன. ஐம்பத்திரண்டு வயதில் இத்தனை இருக்கக் கூடாது என்று ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவைச் சொல்லத்தான் அன்று அழைத்திருந்தார்.

“அங்கிள் என்ன வேலை செஞ்சீங்க?”

“பேப்பர்ல. செய்தி எழுதினேன். கடைசியில பிழை பார்த்தேன்.”

“அப்போ உங்களுக்கு ஈசிதான்லா.”

செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏ முழுவதையும் பிரதி எடுக்க வேண்டும். அதைச் செய்யும் நொதி எழுத்துக்கு எழுத்தாகக் கோத்துக்கொண்டு போகிறது. எப்போதாவது தவறான எழுத்து உட்கார்ந்துவிடும். அப்போது நொதி நிற்கிறது. புதிய இழையின் நுனி அதே நொதியின் வேறொரு மூலைக்கு நகர்கிறது. அங்கே தவறான எழுத்து நறுக்கப்படுகிறது. பிறகு பிரதி தொடர்கிறது. டிஎன்ஏவை நறுக்கும் நொதிகள் இன்னும் பல உண்டாம். வெயிலில் கெட்ட துண்டை வெட்டி நீக்குபவை, அறுந்த இழையின் முனைகளைச் சீவி ஒட்டத் தயாராக்குபவை, சாகும் செல்லின் டிஎன்ஏவைத் துண்டாக்கி அப்புறப்படுத்துபவை.

எனக்குக் கெட்டிருந்தது பிரதி எடுக்கும் இடத்திலேயே இருக்கும் நறுக்கும் மூலை. பிறக்கும்போதே அப்படி. அது வேலை செய்யாவிட்டாலும் பிரதி எடுப்பது நிற்பதில்லை. தவறுகளோடு தொடர்கிறது. பின்னால் இருக்கும் வேறு காவல்கள் சிலவற்றைப் பிடிக்கும்; தப்பியவை ஆண்டுக்கணக்கில் சேரும்.

அப்பா சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாற்பத்து நான்கில் இறந்தார். வயிற்று வலி என்றார்கள்.

ஆலோசகர் ஒரு உறையைத் தந்தார். உள்ளே, ‘உறவினருக்கு’ என்று தொடங்கும் இரண்டு பக்கக் கடிதம். உடன்பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ளலாம். கோளாறு இருந்தால் தவறாமல் குடலைக் கேமராவில் பார்த்து, முளைகளைப் புற்றாவதற்கு முன்பே எடுத்துவிடலாம் என்று அதில் இருந்தது.

“கையிலயே குடுங்க அங்கிள். தள்ளிப் போடாதீங்க.”

எனக்குப் பிள்ளைகள் இல்லை. உடன்பிறந்தவர் அண்ணன் ஒருவர்தான். அன்று மாலையே புந்தோங்கில் அவர் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் பிரித்தார். மரபணுவின் பெயரும் படமும் இருந்த முதல் பக்கத்தில் அவர் கண் நிற்கவில்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, நேராகக் கடைசிப் பத்திக்குப் போனார். பிள்ளைகளைப் பற்றிய பத்தி அது. முதல் முறை பார்க்கிறவர் அப்படிப் படிப்பதில்லை.

“அண்ணே, இத முன்னாடியே பார்த்திருக்கீங்களா?”

அவர் கடிதத்தை மடித்தார். தே ஓ தேநீர் கொண்டுவந்த அண்ணி வாசலிலேயே நின்றார்.

“எடுத்துக் காட்டுங்கலா. இனிமே என்னத்த மறைக்கிறது.”

அண்ணன் உள்ளே போய், சாமி மேடைக்குக் கீழே இருந்த பையைக் கொண்டுவந்தார். மீந்துபோன கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே அதே போன்ற உறை. அதே இரண்டு பக்கம். தேதி மட்டும் நான்கு ஆண்டுகளுக்கு முந்தியது. அவர் மகளின் பரிசத்துக்குப் பதினொரு நாள் முன்பு.

“அந்த வருஷம் மூலத்துக்கு ஆபரேஷன்னுதானே சொன்னீங்க.”

“வேற என்ன சொல்லச் சொல்ற? பரிசத்துக்கு நாள் குறிச்சாச்சு. பாரிட் புந்தார் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஏற்கெனவே ஆயிரம் கேள்வி கேக்குற ஆளுங்க. கல்யாணம் முடியட்டும், உங்கிட்ட குடுக்கலாம்னுதான் இருந்தேன். அப்புறம் அவ முழுகாம இருந்தா. அப்புறம்…”

“அப்புறம்?”

“அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் குடுக்கிறது?”

எங்கள் பக்கத்தில் பரிசத் தட்டு மாற்றுவதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் சபையில் கேட்பார்கள், குடும்பத்தில் தீராத நோய் ஏதும் உண்டா என்று. பெண்ணின் தகப்பன் பதில் சொல்வதில்லை. அவர் சார்பில் ஒருவர் எழுவார். தாய்மாமன் எழ வேண்டிய இடத்தில் அண்ணன் என்னை எழுப்பினார். “நீ பேப்பர்காரன், நீ சொன்னா நம்புவாங்க” என்றார். அன்று காலை நான் அவரிடம் கேட்டேன், எனக்குத் தெரியாதது ஏதாவது உண்டா என்று. ஒன்றும் இல்லை என்றார்.

“எங்க குடும்பத்துல அப்படி எதுவும் இல்லீங்க. அப்பா தோட்டத்துல வயித்து வலியில போனாரு. அவ்வளவுதான்” என்றேன்.

“பேப்பர்ல வராத செய்தி ஏதும் இல்லியே?” என்று மாப்பிள்ளையின் மாமா கேட்க, சபை சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணன் குனிந்து தட்டில் வெற்றிலைகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதே என் குடலைப் பார்த்திருந்தால் கட்டி வெறும் முளையாக இருந்திருக்கலாம். நிச்சயம் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

“பாப்பாவுக்குத் தெரியுமா?”

“வேணாம் தம்பி. மாமியாரோட இருக்கா.”

“இந்தக் கோளாறு அவளுக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்ணே.”

“வராமலும் இருக்கலாம்ல?”

“பார்த்தாத்தானே தெரியும்.”

அப்போதுதான் அண்ணன் அதைச் சொன்னார். “சபையில எழுந்து ஒன்னும் இல்லன்னு சொன்னது நீ. இப்ப நீயே இருக்குன்னு போய்ச் சொன்னா, உன் பேச்சுக்கு என்னடா மரியாதை?”

அண்ணி தே ஓவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் இரண்டு கடிதங்களையும் என் பையில் வைத்தேன். அண்ணன் தடுக்கவில்லை.

“சனிக்கிழமைக்குள்ள நீங்க சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்வேன்.”

சனிக்கிழமை மாலை பாரிட் புந்தாருக்கு, அண்ணன் மகளுக்குப் போன் செய்தேன்.

“அப்பா ஒன்னும் சொல்லலியே சித்தப்பா” என்றாள். என் கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். இடையில் குழந்தை அழுதது. யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தாள்.

“அப்பாவுக்கு இது தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“உன் பரிசத்துக்குப் பதினொரு நாள் முன்னாலேர்ந்து.”



“அன்னிக்கு எழுந்து பேசுனது நீங்கதானே?”

“ஆமா.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“போன புதன்கிழமை.”

நம்புவதாக அவள் சொல்லவில்லை.

“ரெண்டு லெட்டரையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்பாவோடதையும். தேதி தெரியிற மாதிரி.”

ஜன்னல் ஓரத்தில் வெளிச்சம் மிச்சம் இருந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதி இருந்த மேல் மூலைகள் இரண்டும் படத்துக்குள் வருகின்றனவா என்று பார்த்து எடுத்து அனுப்பினேன்.